ஆல்தோ வந்தா பட் எதுக்கு? இங்கிலீஷ்ல வாக்கியத்தை ஒட்டுற கணக்கு

தம்பி, “கோத்தகிரி பக்கம் ஒரு ஹோம்ஸ்டேல வேலை பாக்குறேன், கெஸ்ட்டுங்களுக்கு வாட்ஸ்அப்ல இங்கிலீஷ் பதில் எல்லாம் நான் தான் போடுறேன், வார்த்தை எல்லாம் தெரியுது ஆனா சேத்து எழுதுனா எங்கயோ இடிக்குது”ன்னு கேட்டிருந்தீங்க. கூடவே மூணு கேள்வி. ஆல்தோ போட்டா பின்னாடி பட் போடலாமா? ஸ்கூல்ல படிச்ச எஸ் வி ஓ சி ஏ (எழுவாய், வினை, செயப்படுபொருள், யாரு என்னன்னு நிரப்புற சொல், எங்க எப்பன்னு சொல்ற சொல்) பேட்டர்ன் நிஜமாவே எதுக்காவது உதவுமா? அண்ட், பட் வச்சு வாக்கியத்தை ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்றாரே, அது சரியா? நீங்க அனுப்புன மெசேஜையும் மத்தவங்களுக்குப் புரியணும்னு இங்க அப்படியே போட்டுடுறேன்:

“டியர் சார், ஆல்தோ தி ரோட் இஸ் நேரோ பட் தி வியூ இஸ் வெரி குட். ரெய்னிங் ஹெவிலி, தே குளோஸ்ட் தி குன்னூர் ரோட். சின்ஸ் தட் ரோட் இஸ் குளோஸ்ட் சோ கம் பை தி கோத்தகிரி ரோட். அன்டில் யூ டோன்ட் கெட் தி இ-பாஸ் டோன்ட் ஸ்டார்ட். வென் யூ வில் ரீச் கோத்தகிரி கால் மீ, ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் யூ தி வே. இன் தி ஹவுஸ் ஒன் ஃபயர்பிளேஸ் இஸ் தேர்.”

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இதைப் படிச்சா எந்த கெஸ்ட்டுக்கும் விஷயம் புரியும், வழி தவறி யாரும் முதுமலைக்குப் போயிட மாட்டாங்க. ஆனா இதுல இருக்கற தப்பு எல்லாமே ஒரே இடத்துல இருந்து வருது, அதைப் புடிச்சுட்டா ஒவ்வொண்ணையும் தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

நம்ம மலை ரயிலைப் பாத்திருப்பீங்க, கல்லாறு தாண்டி பல்சக்கரத்துல ஏறும்போது என்ஜின் முன்னாடி இருக்காது, பின்னாடி நின்னு மொத்த வண்டியையும் குன்னூர் வரைக்கும் தள்ளிட்டு வரும். தமிழ் வாக்கியமும் அப்படித்தான், முற்றுவினை கடைசில நிக்கும், அதுக்கு முன்னாடி எத்தனை வினை வந்தாலும் அது எல்லாம் முடியாம தொங்கிட்டு தான் இருக்கும். பேஞ்சாலும், பேஞ்சதால, பேஞ்சா, பெய்யுறப்போ, பேஞ்சு. பாருங்க, ஒட்டுற பசை தனி வார்த்தையா இல்ல, வினையோட வால்லயே இருக்கு, அந்த வால் ஒட்டுன உடனே அந்த வினை முற்றா இல்லாம போயிடுது. வீட்டுல படுகர் மொழியான படுகு பேசுற பிள்ளைங்களுக்கும் இதே கதை தான், அந்த மொழியிலயும் வினை கடைசில தான் வரும், அதனால இங்கிலீஷ்ல சறுக்குற இடமும் பெரும்பாலும் இதே இடம் தான்.

இங்கிலீஷ்ல வினை எழுவாயை ஒட்டியே முன்னாடி வந்துடும், ஒட்டு வார்த்தை தனியா அந்தத் துண்டோட தலையில நிக்கும், அந்தத் துண்டுக்குள்ள இருக்கற வினையும் முழு வினையாவே இருக்கும், இஸ் வாஸ் டென்ஸ் எல்லாத்தோடயும். அதனால எண்ணிப் பாக்க முடியும். நான் பிள்ளைங்களுக்குச் சொல்ற கணக்கு இது ஒண்ணு தான்: வாக்கியத்துல முழு வினை எத்தனைன்னு எண்ணுங்க, அதுல ஒண்ணைக் கழிங்க, அத்தனை ஒட்டு தான் இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

முழு வினைன்னா காலம் காட்டுற வினை, கம், கால் மாதிரி ஏவுற வினையும் சேத்தி. ஹாஸ் பீன் வெயிட்டிங் மூணு வார்த்தையா இருந்தாலும் ஒரே வினை தான். டு கோ, டு சீ இதெல்லாம் கணக்குல வராது, வெறும் கோயிங், ஈட்டிங்கும் வராது.

இப்ப உங்க முதல் வாக்கியம். ரோட் இஸ், வியூ இஸ், வினை ரெண்டு. ஒட்டு ஒண்ணு போதும். நீங்க ஆல்தோவும் போட்டு பட்டும் போட்டிருக்கீங்க, ஒண்ணு அதிகம். எதை எடுத்தாலும் சரி. “ஆல்தோ தி ரோட் இஸ் நேரோ, தி வியூ இஸ் வெரி குட்”, இல்லைன்னா “தி ரோட் இஸ் நேரோ, பட் தி வியூ இஸ் வெரி குட்”. நாம ஏன் ரெண்டும் போடுறோம்னா, பேச்சுல “ரோடு சின்னதா இருந்தாலும், ஆனா வியூ சூப்பரா இருக்கும்”னு இழுத்துப் பேசுற பழக்கம் இருக்கு, தமிழ்ல அது காதுல இடிக்காது. சின்ஸ், சோ வாக்கியமும் இதே நோய் தான், குளோஸ்ட், கம், வினை ரெண்டு, ஒட்டும் ரெண்டு. சின்ஸை வச்சுட்டு சோவைத் தூக்குங்க, இல்ல சோவை வச்சுட்டு சின்ஸைத் தூக்குங்க. பிகாஸ்னு ஆரம்பிச்சு நடுவுல சோ போடுறதும் அதே தான்.

பழைய புத்தகத்துல ஆல்தோவுக்கு அப்புறம் யெட் வரும், யாராவது அதைக் காட்டி வாதம் பண்ணுவாங்க. அது பழைய நடையில ஒத்துக்கிட்ட ஜோடி, இன்னிக்கும் தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா ஹோம்ஸ்டே மெசேஜ்ல யெட் போட்டா பழைய கலெக்டர் லெட்டர் மாதிரி தான் இருக்கும்.

எந்தத் துண்டை முன்னாடி வைக்கணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதுல தான் உங்க பிசினஸே இருக்கு. “தி வியூ இஸ் குட், ஆல்தோ தி ரோட் இஸ் நேரோ”ன்னு எழுதுனாலும் இலக்கணம் சரி தான். ஆனா படிக்கிறவங்க மனசுல கடைசியா நிக்கறது ரோடு. கோயம்புத்தூர்ல இருந்து புது கார் எடுத்துட்டு வர்றவரு அதைப் படிச்சதும் ரோடு எவ்ளோ சின்னது, எதிர்ல பஸ் வந்தா என்ன பண்றதுன்னு அடுத்த மெசேஜ் போடுவாரு. பிரச்சனையை முன்னாடி சொல்லி நல்லதைப் பின்னாடி வைங்க. கம்ப்ளைண்ட்டுக்குப் பதில் எழுதும்போதும் இதே தான், ஹாட் வாட்டர் வரலன்னு ஒருத்தர் எழுதியிருந்தா, “ஆல்தோ தி கீசர் ஃபெயில்ட் இன் தி மார்னிங், வி ஃபிக்ஸ்ட் இட் பை நூன்”, சரி பண்ணுனது கடைசில நிக்கணும்.

டெஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப் ரெண்டும் ஆல்தோவோட அர்த்தம் தான், ஆனா வேற சாதி. அதுக்குப் பின்னாடி வினை வராது, பெயர்ச்சொல் தான் வரும், இல்லைன்னா -இங் சேந்த சொல். “டெஸ்பைட் தி நேரோ ரோட், தி வியூ இஸ் குட்”. வினை ஒண்ணே ஒண்ணு, அதனால ஒட்டே தேவையில்ல, கணக்கு இங்கயும் உதைக்காது. பிகாஸ் ஆஃப், டியூ டு இதெல்லாமும் அந்த வகை தான். “பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்” சரி, “பிகாஸ் ஆஃப் இட் ரெய்ன்ட்” தப்பு, ஆஃபை எடுத்துட்டா சரியாயிடும். டெஸ்பைட் ஆஃப்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஆனா போர்டுல, நோட்டீஸ்ல எல்லாம் இருக்கும், கண்டுக்காதீங்க.

அடுத்து ஹவெவர். ஆனா, இருந்தாலும்ங்கற அர்த்தம் இருக்கறதால இதையும் பட் மாதிரியே நினைச்சு “தி ரோட் இஸ் நேரோ, ஹவெவர் தி வியூ இஸ் குட்”னு எழுதிடுறாங்க, படிச்சவங்களும் எழுதுறாங்க, எனக்குப் பெரிய ஆபீஸ்ல இருந்து வர்ற லெட்டர்லயே பாத்திருக்கேன். ஹவெவர் ஒட்டு இல்ல, வினையுரிச்சொல். அதுக்குப் பசை கிடையாது. தேர்ஃபோர், மோர்ஓவர், நெவர்தலெஸ் எல்லாம் அந்த இனம். முன்னாடி புள்ளி வைக்கணும், இல்ல செமிகோலன், அதுக்கு அப்புறம் ஒரு கமா. “தி ரோட் இஸ் நேரோ. ஹவெவர், தி வியூ இஸ் குட்.” செமிகோலன் வந்தா அது ஒரு ஒட்டுக்குச் சமம். வெறும் கமா எந்த முழு வாக்கியத்தையும் ஒட்டாது, தமிழ்ல நான் இப்ப எழுதுறேன் பாருங்க கமா கமாவா போட்டு, இது நம்ம பேச்சு நடைக்கு ஓடும், இங்கிலீஷ்ல ஓடாது.

இந்தக் கணக்குக்கு விதிவிலக்கு இல்லாம இல்ல. ஐதர்-ஆர், நீதர்-நார், நாட் ஒன்லி-பட் ஆல்சோ இந்த ஜோடி எல்லாம் சேத்து ஒரே ஒட்டா எண்ணணும், இஃப் வந்து தென் வந்தாலும் அப்படியே. “தி டீ ஐ பாட் வாஸ் குட்” மாதிரி இடத்துல நடுவுல தட் ஒளிஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது ஆனா எண்ணணும். மூணு வினை வரிசையா வந்தா கடைசி ரெண்டுக்கு நடுவுல மட்டும் அண்ட் போதும், முன்னாடி கமா அந்த வேலையைப் பாத்துக்கும். “வைல் டிரைவிங்”, “ஆல்தோ டயர்ட்” மாதிரி சுருக்குனதுல வினை மறைஞ்சு நிக்குது. அவ்ளோ தான்.

இனி உங்க ரெண்டாவது வாக்கியம், “ரெய்னிங் ஹெவிலி, தே குளோஸ்ட் தி குன்னூர் ரோட்”. இதுல எனக்குத் தனி அக்கறை, ஏன்னா இந்தத் தப்பு நல்லா எழுதுறவங்க கிட்ட தான் அதிகம். மனசுல ஓடுன தமிழ் என்னன்னு தெரியுது: மழை பேஞ்சு ரோட்டை மூடிட்டாங்க. பேஞ்சது மழை, மூடுனது போலீஸோ ஹைவேஸோ, ரெண்டுக்கும் எழுவாய் வேற, ஆனாலும் தமிழ்ல அந்த ‘பேஞ்சு’ பேசாம உக்காந்துக்கும். இங்கிலீஷ் -இங் அப்படி உக்காராது. முன்னாடி தனியா நிக்கற -இங் சொல்லுக்குச் சொந்தமா எழுவாய் இல்லைன்னா, கமாவுக்கு அப்புறம் வர்ற எழுவாயைத் தான் புடிச்சுக்கும். அப்ப உங்க வாக்கியத்துக்கு அர்த்தம், ரோட்டை மூடுனவங்களே கொட்டோ கொட்டுன்னு பேஞ்சுட்டாங்க. “வாக்கிங் டு தி டீ ஷாப், எ பைசன் கேம்”னு ஒரு பையன் எழுதுனான், டீக்கடைக்கு நடந்து போனது காட்டெருமைன்னு அர்த்தம் ஆகுது. கோத்தகிரியில அதுவும் நடக்கறது தான், ஆனா அவன் சொல்ல வந்தது அது இல்ல.

சரி பண்றது சுலபம், எழுவாய் வேற வேறன்னா -இங்கை விட்டுட்டு முழு வினையும் ஒட்டும் போடுங்க. “தே குளோஸ்ட் தி குன்னூர் ரோட் பிகாஸ் இட் ரெய்ன்ட் ஹெவிலி.” “வென் ஐ வாஸ் வாக்கிங் டு தி டீ ஷாப், எ பைசன் கேம்.” ஒரே ஆள்னா -இங் தாராளமா வரலாம்: “வாக்கிங் டு தி டீ ஷாப், ஐ சா எ பைசன்.”

இதோட தம்பி தான் நம்ம நீள வாக்கியம். காலைல எந்திரிச்சு குளிச்சு சாப்பிட்டு பஸ் புடிச்சு குன்னூர் போய் ஆதார்ல அட்ரஸ் மாத்திட்டு சாயங்காலம் வந்தேன். தமிழ்ல ஒரே மூச்சு, ஒரே முற்று, யாரும் குறை சொல்ல முடியாது. இதை அப்படியே வேக்கிங், பாத்திங், ஈட்டிங், கேட்சிங்னு மாலையா கோத்தா இங்கிலீஷ்காரனுக்கு மூச்சு முட்டும். உடைங்க. முக்கியமான வினை எது? ஆதார் மாத்துனது. அதுக்கு முன்னாடி நடந்ததை ஆஃப்டர் போட்டு ஒரு துண்டு, வந்ததை அண்ட் போட்டு ஒரு துண்டு. “ஆஃப்டர் பிரேக்ஃபாஸ்ட் ஐ டுக் தி பஸ் டு குன்னூர், சேஞ்ச்ட் மை அட்ரஸ் ஆன் ஆதார், அண்ட் கேம் பேக் இன் தி ஈவினிங்.” எந்திரிச்சதும் குளிச்சதும் யாருக்கு வேணும், விட்டுடலாம்.

இப்ப அன்டில். “இ-பாஸ் கிடைக்காத வரைக்கும் கிளம்பாதீங்க”ன்னு தமிழ்ல சொல்றோம், அந்த ‘கிடைக்காத’ அப்படியே டோன்ட்டா இறங்கிடுது. இங்கிலீஷ்ல அன்டில் ஒரு எல்லைக் கோடு, அந்தக் கோடு எங்கன்னு மட்டும் சொன்னா போதும், இல்லைங்கற வேலையை மெயின் வினை பாத்துக்கும். “டோன்ட் ஸ்டார்ட் அன்டில் யூ கெட் தி இ-பாஸ்.” அன்லெஸ்ல இல்லைங்கற அர்த்தம் உள்ளயே இருக்கு, படிக்கலைன்னா, கிடைக்கலைன்னா மாதிரி, அதனால அங்கயும் டோன்ட் வேண்டாம். “யூ கான்ட் டிரைவ் அப் அன்லெஸ் யூ ஹாவ் ஆன் இ-பாஸ்.” ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி மேல வர வாங்க வேண்டிய இந்த இ-பாஸ் வந்தப்பறம் அன்லெஸ், அன்டில் ரெண்டும் நம்ம ஊர் லாட்ஜ்காரங்க தினமும் எழுத வேண்டிய வார்த்தையா ஆயிடுச்சு, அதனால இதை மட்டும் சுத்தமா கத்துக்கோங்க. நடக்கும், அதுவரை பொறுன்னா அன்டில். நடந்தா தான் ஆச்சுங்கற கண்டிஷன்னா அன்லெஸ்.

செக்-அவுட் மெசேஜ்லயும் அன்டில் குழப்பும். பதினோரு மணி வரைக்கும் இருக்கலாம், இது அன்டில். பதினோரு மணிக்குள்ள காலி பண்ணணும், இது பை. “யூ கேன் யூஸ் தி ரூம் அன்டில் லெவன்.” “பிளீஸ் செக் அவுட் பை லெவன்.” தமிழ்ல ‘வரைக்கும்’ வந்தா அன்டில், ‘குள்ள’ வந்தா பை, பெரும்பாலும் தப்பாது.

வென் யூ வில் ரீச். இது இந்தியா முழுக்க இருக்கற தப்பு தான், ஆனா நமக்குக் காரணம் தெளிவா தெரியுது, ‘வரும்போது’ங்கறதுல இருக்கற வரும் எதிர்காலம். அதை அப்படியே வில்னு மாத்திடுறோம். இங்கிலீஷ்ல வென், இஃப், அன்டில், ஆஃப்டர், பிஃபோர், ஆஸ் சூன் ஆஸ் இந்த ஒட்டு வர்ற துண்டுல, வரப் போறதைச் சொன்னாலும் வில் வராது, நிகழ்காலம் தான். வில் மெயின் துண்டுல இருக்கலாம். “வென் யூ ரீச் கோத்தகிரி, கால் மீ.” “இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ, வி வில் லைட் தி ஃபயர்.” தமிழ்லயே பாருங்க, நாளைக்கு மழை வந்தான்னு சொல்றப்போ அந்த ‘வந்தா’ இறந்தகால அடியில இருந்து பொறந்தது, நாளைக்கு நடக்கப் போறதை நேத்து நடந்த மாதிரி சொல்றோம், யாருக்கும் வித்தியாசமா படல. எல்லா மொழிக்கும் இப்படி ஒரு கிறுக்கு இருக்கும்.

ஆனா உஷார், எல்லா வென்னும் ஒரே வென் இல்ல. “டெல் மீ வென் யூ வில் ரீச்”, இது சரி. “கால் மீ வென் யூ ரீச்”, இதுவும் சரி. ஒண்ணுல வில் இருக்கு, ஒண்ணுல இல்ல. தமிழ்ல சொல்லிப் பாருங்க, உடனே பிரிஞ்சுடும். ‘எப்ப வருவீங்கன்னு சொல்லுங்க’, ‘வரும்போது கூப்பிடுங்க’. எப்பன்னு வந்தா வில் போடலாம், போதுன்னு வந்தா போடக் கூடாது. இஃப்புக்கும் அப்படியே, ‘வருவீங்களான்னு சொல்லுங்க’ன்னா “டெல் மீ இஃப் யூ வில் கம்”, ‘வந்தா சொல்லுங்க’ன்னா “டெல் மீ இஃப் யூ கம்”. எனக்குத் தெரிஞ்சு இதுக்கு இதை விட லேசான டெஸ்ட் கிடையாது, தமிழ் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் இனாமா கிடைக்கற வசதி இது.

அந்த ‘ன்னு’ பத்தி இன்னொண்ணு. எங்க இருக்கார்னு தெரியல, எத்தனை மணிக்கு வருவீங்கன்னு சொல்லுங்க, இந்த மாதிரி கேள்வி உள்ள போய் ஒளிஞ்சுக்கற வாக்கியத்துல கேள்வி வரிசை வரக் கூடாது. “ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்” தான், வேர் இஸ் ஹி இல்ல. “கேன் யூ டெல் மீ வாட் டைம் யூ வில் ரீச்?” கேள்வி ஏற்கனவே கேன் யூல முடிஞ்சு போச்சு, ரெண்டாவது தடவை புரட்ட வேண்டாம்.

சரி, பேட்டர்னுக்கு வருவோம். ஸ்கூல்ல எஸ் வி ஓ சி ஏன்னு கீழ கோடு போட்டு எழுத்து போடச் சொல்லுவாங்க, ரெண்டு மார்க், முடிஞ்சுது. எதுக்குன்னு சொல்லவே மாட்டாங்க. விஷயம் என்னன்னா, இங்கிலீஷ்ல ஒவ்வொரு வினையும் தனக்குப் பின்னாடி என்னென்ன வேணும்னு கண்டிப்பா கேக்கும், அதோட பட்டியல் தான் பேட்டர்ன். ஏ.எஸ். ஹார்ன்பி 1954ல வினைகளை 25 பேட்டர்னா பிரிச்சு வச்சார், வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றவர் அவரு, அதனால எந்த வினைக்கு எதுங்கறதுல தான் அவருக்குக் கவலை. இலக்கண அறிஞர் ராண்டால்ஃப் குவர்க்கும் கூட இருந்த மூணு பேரும் 1985ல ஏழே ஏழு வகைக்குள்ள எல்லாத்தையும் அடக்குனாங்க. நம்ம ஸ்கூல் புக்ல வர்ற எஸ் வி, எஸ் வி ஓ, எஸ் வி சி எல்லாம் இந்த ஏழோட சாயல் தான். உங்களுக்கு ஏழும் வேண்டாம், வினையைக் கத்துக்கும்போதே அதோட பசியையும் சேத்துக் கத்துக்கோங்க.

நீங்க எழுதுன “எக்ஸ்ப்ளெய்ன் யூ தி வே” இதுக்கு நல்ல உதாரணம். தமிழ்ல எனக்குக் குடு, எனக்குக் காட்டு, எனக்குச் சொல்லு, எனக்கு விளக்கு, எல்லாத்துக்கும் ஒரே ‘க்கு’. இங்கிலீஷ்ல கிவ், ஷோ, டெல், செண்ட் இந்த வினை எல்லாம் பின்னாடி ரெண்டு பேரை ஏத்திக்கும், “ஷோ மீ தி வே”, “செண்ட் மீ தி லொகேஷன்”. எக்ஸ்ப்ளெய்ன் ஏத்திக்காது. அதுக்கு விஷயம் தான் ஓ, ஆள் டு போட்டுத் தனியா வரணும். “ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் தி வே டு யூ.” அதை விட “ஐ வில் டெல் யூ தி வே” சின்னதா அழகா இருக்கு, அதையே போடுங்க. சஜஸ்ட்டும் எக்ஸ்ப்ளெய்ன் ஜாதி தான், “சஜஸ்ட் மீ எ ஹோட்டல்” வராது. டெல்லுக்கு ஆள் கட்டாயம், “ஹி டோல்ட் தட்” வராது, “ஹி டோல்ட் மீ தட்” வரணும், ஆள் வேண்டாம்னா “ஹி செட் தட்”. டிஸ்கஸ் நேரா ஓவைப் புடிச்சுக்கும், ‘பத்தி’ங்கறதை நினைச்சுக்கிட்டு அபௌட் போட வேண்டாம்.

ஓ இல்லாம விடுறதும் நம்ம பழக்கம். புடிச்சிருந்துதா? ரூம்ல வச்சுடுறேன். எதைன்னு சொல்லாமலே புரியும், தமிழ் அதை ஒத்துக்கும். “டிட் யூ லைக்?”னு இங்கிலீஷ்ல நிறுத்துனா வாக்கியம் பாதியில தொங்குது, “டிட் யூ லைக் இட்?” வேணும். புட்ங்கற வினைக்கு இன்னும் பேராசை, எதைங்கறதும் வேணும், எங்கங்கறதும் வேணும், “ஐ வில் புட் இட் இன் தி ரூம்”. பேட்டர்ன்ல இருக்கற ‘ஏ’ சும்மா ஒட்டிக்கிட்டு வர்றது, எடுத்தாலும் பரவாயில்லன்னு ஸ்கூல்ல சொல்லியிருப்பாங்க, புட் கிட்ட அந்தப் பேச்சு எடுபடாது.

எஸ் வி சி பேட்டர்ன்ல வி இல்லாம போறது தமிழோட நேரடி விளைவு. அவர் டிரைவர், இது கிச்சன். வினையே இல்ல, ஆனா முழு வாக்கியம். இங்கிலீஷ்ல இஸ் இல்லாம நகராது. எழுவாய் இல்லாம போறதும் அப்படித்தான். குளிருது. ஒரே வார்த்தை, நம்ம ஊர்ல வருஷத்துல பாதி நாள் இதைத் தான் பேசுறோம். இங்கிலீஷ்ல எஸ் இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு ஒரு இட்டைக் கொண்டாந்து உக்கார வைக்கணும், “இட் இஸ் கோல்ட்”, “இட் இஸ் ரெய்னிங்”. அந்த இட் யாருன்னு கேக்காதீங்க, யாரும் இல்ல, நாற்காலிக்கு ஆள். எனக்குக் குளிருதுன்னா ‘டு மீ’ன்னு ஆரம்பிக்காம “ஐ ஆம் ஃபீலிங் கோல்ட்”. அப்புறம் உங்க ஃபயர்பிளேஸ். “இன் தி ஹவுஸ் ஒன் ஃபயர்பிளேஸ் இஸ் தேர்”, வீட்டுல ஒரு கணப்பு இருக்குங்கறதோட அச்சு. புதுசா ஒரு பொருள் இருக்குன்னு சொல்றப்போ இங்கிலீஷ் தேர்ல ஆரம்பிக்கும், “தேர் இஸ் எ ஃபயர்பிளேஸ் இன் தி ஹவுஸ்”. எண்ணிக்கை முக்கியம் இல்லைன்னா ஒன் வேண்டாம், எ போதும்.

பரீட்சைக்குச் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்னு மாத்தி மாத்தி எழுத வச்சாங்களே, அது உண்மையிலயே நல்ல பயிற்சி. இன் ஸ்பைட் ஆஃப், பட், ஆல்தோ மூணும் ஒரே விஷயத்தை மூணு விதமா சொல்றது தான் அது. கெட்டது எங்கன்னா, எப்ப எதைப் போடணும்னு சொல்லாம மாத்த மட்டும் சொல்லித் தந்தது. நோ சூனர், தேன் எல்லாம் அதுல இருந்து வந்து மூளையில ஒட்டிக்கிச்சு. கெஸ்ட்டுக்கு அது வேண்டவே வேண்டாம், ஆஸ் சூன் ஆஸ் போதும். போட்டே ஆகணும்னா “நோ சூனர் ஹாட் வி ரீச்ட் தேன் இட் ரெய்ன்ட்”, வினை புரண்டு வரணும், வென் இல்ல தேன். ஹார்ட்லிக்குத் தான் வென்.

மோர்ஓவர், ஃபர்தர்மோர் இதை எல்லாம் ரெண்டு வரிக்கு ஒண்ணு தெளிக்கறவங்க இருக்காங்க, நெட்ல இருந்து ‘நூறு கனெக்டர்ஸ்’ லிஸ்ட் இறக்கி வச்சுக்கிட்டு. எனக்கு அந்த லிஸ்ட் மேல மரியாதையே இல்ல. அண்ட், பட், சோ, பிகாஸ், இஃப், வென், ஆல்தோ, அன்டில், அன்லெஸ், தட், ஹூ, விச், இவ்ளோ சரியா வந்தா ஒரு ஹோம்ஸ்டே என்ன, வக்கீல் நோட்டீஸைத் தவிர எல்லாம் எழுதலாம்.

கடைசியா உங்க ஓனர் சொன்னது. அண்ட், பட் வச்சு வாக்கியம் ஆரம்பிக்கலாம், எந்தத் தப்பும் இல்ல. சின்னப் பிள்ளைங்க எல்லா வாக்கியத்தையும் அண்ட்ல ஆரம்பிக்குதேன்னு டீச்சருங்க போட்ட தடை, அது சட்டம் மாதிரி பரவிடுச்சு. ஓனர் சர்ச்சுக்குப் போறவர்னா 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிளை எடுத்து ஆதியாகமம் முதல் அதிகாரத்தைக் காட்டுங்க, ரெண்டாவது வசனத்துல இருந்து கிட்டத்தட்ட எல்லாமே அண்ட்ல தான் தொடங்குது. எல்லா வாக்கியத்துலயும் போட்டா சலிக்கும், அது வேற. அவர் பயப்பட வேண்டியது பிகாஸ், ஆல்தோ, சின்ஸ்ல தொடங்கறதுக்குத் தான், அதுவும் தொடங்கறதுல தப்பு இல்ல, தொடங்கிட்டு ரெண்டாவது துண்டு இல்லாம புள்ளி வைக்கறது தான் தப்பு. “பிகாஸ் தி ரோட் இஸ் குளோஸ்ட்.” இது ஒரு கேள்விக்குப் பதிலா பேச்சுல ஓடும், மெயில்ல தனியா நின்னா பாதி வாக்கியம். “பட் தி ரோட் இஸ் குளோஸ்ட்.” இது முழு வாக்கியம். கமா விஷயமும் இதுலயே முடிஞ்சுடும்: பிகாஸ் துண்டு முன்னாடி வந்தா அது முடியற இடத்துல கமா, பின்னாடி வந்தா பெரும்பாலும் வேண்டாம். ரெண்டு முழு வாக்கியத்தைப் பட் ஒட்டுனா கமா பட்டுக்கு முன்னாடி தான், பின்னாடி இல்ல.